மழையில் கரையாத காமென்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவள் நெவ்யானா. டான்யூப் கரையில் டோல்னி ப்ரோத் என்ற ஊரில், பழைய பேருந்துப் பணிமனையின் முற்றத்தில் காபிக் கடை வைத்திருக்கிறாள். நானும் அந்த ஊரில்தான் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். முற்றத்துக்கு எதிர்மாடியில் ரதோஸ்தீனா என்ற கட்டடக்கலைஞரின் அலுவலகம். அங்கே வரைபடம் போடுவது என் பிழைப்பு, கதை எழுதுவது என் வியாதி.

ஒருநாள் காலை காபிக்குப் போனேன். நெவ்யானா கோப்பையை நீட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினாள்.

"உங்க ஆபீஸ்ல செஞ்ச பொட்டியாலதான் எனக்கு இந்தக் கதி. அத எப்படிச் சரி பண்றதுன்னு ரதோஸ்தீனாவுக்கே தெரியல. நீ கதை எழுதுற ஆளாம்ல?"

"எப்பவாச்சும்."

"அப்ப இத எழுது. எழுதுனா எப்படியும் ஒரு முடிவு வந்துதான ஆகணும்? அந்த முடிவ நான் எடுத்துக்கிறேன்."

பிடித்தது, பிடிக்கவில்லை, பக்கம் அதிகம் என்று சொல்லும் வாசகர்களை எனக்குத் தெரியும். முடிவை வீட்டுக்கு எடுத்துப்போய் அதன்படி வாழப்போகிறேன் என்று மிரட்டிய வாசகி இவள் ஒருத்திதான். எழுத ஒப்புக்கொண்ட பிறகுதான் கோப்பை என் கைக்கு வந்தது.

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கேயே: இந்தக் கதையில் எல்லோரும் பல்கேரிய மொழியில்தான் பேசினார்கள். நான் மதுரைக்காரன். என் காதுக்குள் போகும் எந்த மொழியும் வைகையில் ஒரு முங்கு முங்கிவிட்டுத்தான் வெளியே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

மூன்று விதமாக ஆரம்பித்துப் பார்த்தேன்.

(அ) டான்யூப் நதியின் மேல் அந்தக் காலைப் பனி ஒரு வெண்ணிறப்

[நிறுத்திவிட்டேன். நதி, பனி, காலை மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அடுத்த வாக்கியத்தில் யாராவது பெருமூச்சு விட்டே ஆகவேண்டும். இந்தக் கதையில் பெருமூச்சு விடுகிற ஆள் யாரும் இல்லை.]

(ஆ) தற்காலிகம் என்பது என்ன? ஒரு பொருள் தன் இடத்தோடு கொண்டிருக்கும் உறவை நாம்

[இதை ரதோஸ்தீனா என் தோளுக்குப் பின்னால் நின்று மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். "இது நான் நிதி கேட்டு எழுதுன விண்ணப்பத்துல வர்ற வரி. திருடாத" என்றாள். திருடியதுதான். அடித்துவிட்டேன்.]

(இ) காமென் இறந்து நாற்பதாவது நாள், அவர் மனைவி நெவ்யானா அவரைப் பெட்டியின்மேல் ஒட்டினாள்.

இதை வைத்துக்கொள்வோம். பயப்பட வேண்டாம், ஒட்டியது தாளைத்தான். நம் மதுரையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டுவதில்லையா, அதே பழக்கம்தான் இங்கேயும். ஆனால் இங்கே ஒரு கடிதத்தாள் அளவுதான். மேலே படம், கீழே இரண்டு வரி. வீட்டுக் கதவில், மரத்தில், பேருந்து நிறுத்தத்தில், செத்தவர் வழக்கமாக நின்ற இடங்களிலெல்லாம் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒன்று, அரை வருடத்தில் ஒன்று, வருடம் திரும்பினால் ஒன்று.

நம் ஊரில் ஒரு சுவரொட்டியை அடுத்த நாள் சுவரொட்டி மூடிவிடும். நேற்றுச் செத்தவரின் நெற்றியில் இன்று மஞ்சள்நீராட்டு விழா. இங்கே அப்படி இல்லை. ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டார்கள், மேலே ஒட்டவும் மாட்டார்கள். மழைதான் கழற்ற வேண்டும். முதலில் சட்டை வெளுக்கும், அப்புறம் மோவாய், அப்புறம் பெயர். வெறும் வெள்ளைத்தாள் மிஞ்சும்போது தெருவே அந்த ஆளை விட்டுவிட்டது என்று அர்த்தம். வீட்டில் இருப்பவர்களும் மெல்ல நிமிர்ந்து பார்க்கத் தொடங்கலாம். யாரும் எழுதிவைக்காத, எல்லோரும் கைக்கொள்ளும் சட்டம் இது.

3

இனி பெட்டியைப் பற்றி. கதை கேட்க வந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று சொல்ல ஆசைதான். தாண்டினால் ஒன்றும் புரியாது.

ஊரின் பெரிய சதுக்கத்தில் நீரூற்று வைக்கப்போவதாகச் சொல்லித் தோண்டினார்கள். இந்த நாட்டில் எங்கே தோண்டினாலும் பழைய ரோமாபுரிக்காரன் ஒருவன் முன்பே வந்து ஏதாவது கட்டிவிட்டுப் போயிருப்பான். எங்கள் சதுக்கத்தில் அவன் சாக்கடை கட்டியிருந்தான். தொல்லியல்காரர்கள் தூரிகைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் சந்தை போட, கூட்டம் போட, வெறுமனே உட்கார இடமில்லாமல் போயிற்று. பணிமனை முற்றத்தைத் தற்காலிகச் சதுக்கமாக்கித் தரும் வேலை ரதோஸ்தீனாவுக்கு வந்தது.

அவள் கட்டடம் கட்டவில்லை. பெட்டி செய்தாள். ஒட்டுப்பலகையில், இடுப்பு உயரத்தில், நாலு பக்கமும் ஒரே அளவில், இரண்டு பேர் தூக்கும்படி ஒரு பெட்டி. பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். ஓரத்தில் பள்ளமும் நாக்கும் இருக்கும், ஒன்றில் ஒன்று கவ்விக்கொள்ளும். வரிசையாக வைத்தால் இருக்கை. மேலே ஏற்றினால் சுவர். சேர்த்துப் பரப்பினால் மேடை. வளைத்து வைத்து நடுவில் நின்றால் கடை. நெவ்யானாவின் கடை அப்படி வளைத்து வைத்த ஏழெட்டுப் பெட்டிகள்தான். ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள் சேர்ந்து இந்தப் பெட்டிகளுக்குச் சொந்தம். ஒவ்வொரு வருடமும் வசந்தத்தில் சரக்குப் படகு வந்து ஒரு பகுதியை அடுத்த ஊருக்கு எடுத்துப்போகும். அங்கே அவை வேறு ஏதாவதாக மாறும்.

ரதோஸ்தீனாவின் வேதம் ஒரே வரி: "எதுக்கும் இதுதான் இடம்னு இருக்கக் கூடாது." நாற்காலிக்கு நாற்காலி என்ற கர்வம் வரக்கூடாது, மேடைக்கு மேடை என்ற திமிர் வரக்கூடாது. இன்று மேயரைத் தாங்கிய பலகை நாளை முட்டைக்கோசைத் தாங்கும். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் விண்ணப்பம் எழுதச் சொல்வாள்.

அவ்வளவு யோசித்தவள் ஒன்றை மறந்துவிட்டாள். இந்த ஊரில் கண் உயரத்தில் வழவழப்பான பலகை ஒன்று வெளியே நின்றால் அதில் செத்தவர்கள் வந்துவிடுவார்கள். பெட்டிகள் வந்த மாதமே மூன்று பேர் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் காமென். கடையின் இரண்டாவது அடுக்கில், காபி இயந்திரத்துக்கு நேர் எதிரே, மனைவி கையாலேயே ஒட்டப்பட்டு.

4

தப்பு எங்கே நடந்தது என்பதற்கு இப்போது வருகிறேன். குளிர்காலம் வருமுன் பெட்டிகளுக்குப் படகுக்குப் பூசும் வார்னிஷ் அடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் முடிவாயிற்று. வண்ணம் பூசுகிற யோர்தானும் அவன் மச்சானும் வந்து அடித்தார்கள். வேலை சுத்தம். மறுநாள் போய்ப் பார்த்த ரதோஸ்தீனா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் யோர்தானைப் பிடித்தேன்.

"ஏன்யா, தாளுக்கு மேலயே அடிச்சிருக்கீங்க?"

"பின்ன? செத்த மனுசன் மொகத்தக் கிழிக்கச் சொல்றியா? எங்க ஆத்தா வீட்டுக்குள்ளயே சேக்காது."

"சுத்தி விட்டுட்டு அடிச்சிருக்கலாம்ல?"

"சட்டம் போட்ட மாதிரி அசிங்கமாத் தெரியும். அதுவும் மரியாதையா?" யோர்தானுக்கு உண்மையிலேயே வருத்தம். "ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. கையால நல்லா நீவி விட்டுட்டுத்தான் அடிச்சோம். மூணு கோட்டு. ஒரு கொமிழு இருக்கா பாரு."

ஒரு குமிழ்கூட இல்லை. காமென் கண்ணாடிக்குள் மீன் மாதிரி பளபளவென்று நின்றார். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த படம். கழுத்துப்பட்டை லேசாகக் கோணியிருந்தது. வாய்விட்டுச் சிரிப்பதற்குச் சற்று முந்தைய முகம்.

மழை வந்தது. பனி வந்தது. மறுபடி மழை வந்தது. ஊரில் மற்ற தாள்களெல்லாம் வெளுத்து உதிர்ந்தன. காமென் அப்படியே இருந்தார், நேற்று இறந்தவர் மாதிரி.

மற்ற இருவரின் வீட்டில் பிரச்சினை இல்லை. பள்ளி ஆசிரியை ஒருவரின் பிள்ளைகள் ஜெர்மனியிலிருந்து தொலைபேசியில் நன்றி சொன்னார்கள். இன்னொருவர் வாழ்நாள் முழுக்கப் படகில் போனவர், பெட்டியோடு ஊர் ஊராகப் போகட்டும் என்றுவிட்டார்கள். நெவ்யானாதான் ஒவ்வொரு மழையும் விட்ட பிறகு வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காமென் நல்ல மனிதர். குடிகாரராகவோ அடிக்கிறவராகவோ இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். அவர் செய்த ஒரே கொடுமை, மனைவி போடும் காபியைத் தினமும் "கொஞ்சம் கசப்பு" என்று சொல்லிக்கொண்டே முழுக் கோப்பையையும் குடித்தது. இப்போது ஒன்றும் சொல்லாமல் அவள் போடும் ஒவ்வொரு காபியையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

நெவ்யானா ஒருநாள் காலையில் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். திருப்பத்தானே செய்தது அந்தப் பெட்டி? மத்தியானம் சோன்கா வந்தாள். காமெனின் அக்கா. பால்கடையில் வேலை முடித்து, இங்கே செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கப்படி வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவி எடுத்துக்கொண்டு தம்பியைப் பார்க்க வந்தவள், தம்பியின் முதுகைக்கூட அல்ல, வெறும் பலகையைப் பார்த்தாள்.

"செவத்தப் பாத்து நிக்க அவன் என்ன வீட்டுப்பாடம் எழுதாத பயலா?"

"நாள் முச்சூடும் என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு மதினி."

"உசுரோட இருக்கையில உன்னப் பாக்க மாட்டேங்குறான்னு எங்கிட்ட வந்து அழுத. இப்ப பாக்குறான்னு அழுகுற. என்னதான்டி செய்வான் அவன்?"

சோன்கா பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை நெவ்யானா சுவர்ப்பக்கம் திருப்பினாள். மத்தியானம் சோன்கா. மறுநாளும் அப்படியே. வாரக்கணக்கில் காமென் ஒரு காவலாளியைப் போல நேரத்துக்கு நேரம் திரும்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் மேசைவிரிப்பைப் போட்டு மூடிப்பார்த்தாள் நெவ்யானா. "ஒரு தடவ துணி போட்டு மூடுனது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு அதையும் எடுத்தாள் சோன்கா.

இதில் ரதோஸ்தீனா செய்ததை நான் எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். தலைநகரிலிருந்து வந்த பார்வையாளர்களை மாடி ஜன்னலருகே நிறுத்தி, கீழே பெட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த சோன்காவைக் காட்டினாள். "பாருங்கள், மக்களே தங்கள் சதுக்கத்தை நாள்தோறும் மாற்றியமைக்கிறார்கள்." அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போனபிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை.

6

நெவ்யானாவின் அவசரத்துக்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் வெஸெலின்.

முதல் வரைவில் வெஸெலின் ஒரு அக்கார்டியன் வாசிப்பவன். நரைத்த மீசை, தூரத்தில் ஒரு பாட்டு. நான் படித்துக்காட்டியபோது நெவ்யானா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"யாரு இவன்?"

"வெஸெலின்."

"அவன் நாலாம் நம்பர் மின்பேருந்து ஓட்டுறவன். அவனுக்கு எதுக்கு அக்கார்டியன்? விசிலே ஒழுங்கா அடிக்க வராது அவனுக்கு."

"வாசகர்களுக்குப் பிடிக்கும்."

"அப்ப அவங்களக் காபி குடிக்க வரச்சொல்லு. எனக்குப் பேருந்துக்காரன் போதும்."

அக்கார்டியனைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய பிறகு வெஸெலினிடம் மிஞ்சியது மிகக் கொஞ்சம். நல்ல உயரம், மனைவி விட்டுப்போய்ப் பல வருடம், வண்டியை நிறுத்தத்தில் நிறுத்தும்போது கிழவிகளுக்காக நடைபாதையை ஒட்டி நிறுத்தும் பழக்கம். இந்த ஆளை வைத்து ஒரு காதல்கதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னமும் சந்தேகம்தான். ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே நெவ்யானா இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பிப்பதை நானே பார்த்திருக்கிறேன். அவளைவிட எனக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது?

அவன் வேலை முடிந்து வருவான். முதலில் பெட்டியைப் பார்த்து, "காமென்" என்று ஒரு தலையசைப்பு. இருவரும் ஒன்றாகச் சொக்கட்டான் ஆடியவர்கள். பிறகு காகிதக் கோப்பையில் காபியை வாங்குவான். உட்கார மாட்டான். நின்றபடி இரண்டு வாய் குடித்துவிட்டுக் கோப்பையோடு போய்விடுவான். பெட்டி சுவரைப் பார்த்திருக்கும் நாளிலும் அப்படித்தான். எந்தப் பலகைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாதா?

ஒருநாள் நான் வாயை விட்டுக் கேட்டேன். "உன்ன அவரு என்ன செஞ்சிரப் போறாரு?"

"ஏதாச்சும் சொல்லிருவான்னு இல்லய்யா" என்றான் வெஸெலின். "ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறானே. அதான்."

ஆக, நெவ்யானாவுக்கு இந்தக் கதையிலிருந்து வேண்டியது கல்யாணம் அல்ல, புரட்சி அல்ல. ஒரு ஆள் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். இதைக்கூடத் தர முடியாவிட்டால் நான் எதற்கு எழுத வந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

7

முடிவுகள். ஒவ்வொன்றையும் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: வசந்தத்தில் சரக்குப் படகு வருகிறது. காமெனின் பெட்டி ஏறுகிறது. நடு ஆற்றில் காற்று. பெட்டி நழுவி விழுந்து, கருங்கடலை நோக்கி மிதக்க

"தண்ணியில விழுந்தாலும் அவரு கரைய மாட்டாரு. மூணு கோட்டு. எதிர்க்கரையில ரொமேனியாக்காரன் புடிச்சுத் தொடச்சுத் திருப்பி அனுப்புவான்."

இரண்டாம் முடிவு: விடிவதற்கு முன் வெஸெலின் உப்புத்தாள் இயந்திரத்தோடு வருகிறான். அவன் முகத்தில் ஒரு

"கொசு அடிக்கவே அவனுக்குக் கை வராது. இவன் போயி ஒரு மொகத்த இழைப்பானாக்கும்."

மூன்றாம் முடிவு: புனித ஜார்ஜ் திருநாள். ஆட்டுக்கறி மணம். சோன்காவும் நெவ்யானாவும் வெஸெலினும் ஊராரும் கைகோத்து, பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றி ஆடுகிறார்கள்.

நெவ்யானா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "உங்க ஊர்ல எல்லாச் சண்டையவும் ஆடித்தான் தீப்பீங்களா?"

"சினிமாவில மட்டும்."

நான்காம் முடிவு: நெவ்யானா மெல்லப் புரிந்துகொள்கிறாள், காமென் இருந்தது அந்தப் பலகையில் அல்ல,

[இந்த வாக்கியத்தை அவள் முடிக்க விடவில்லை.] "நான் என்னத்தப் புரிஞ்சுக்கிரணும்? எனக்கு எல்லாம் புரியும். நகரமாட்டேங்குறது அந்தப் பொட்டிதான். அதுக்குப் புரியுற மாதிரி எழுது."

எழுத்தாளனாக என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான விமர்சனம் இது. மனிதர்கள் மனம் மாறுவதை எழுதிப் பழகிய கைக்கு ஒரு பெட்டியை மாற்றத் தெரியவில்லை. அது ரதோஸ்தீனாவின் துறை. நான் பேனாவை வைத்துவிட்டேன்.

8

இனி வருவது நடந்தது. நான் எழுதியதாக எண்ண வேண்டாம். எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் அழகாக இருந்திருக்கும்.

படகு வரும் தேதி நெருங்கியது. எங்கள் பெட்டிகள் இந்த முறை ஆற்றில் மேலே இருக்கும் கோர்னி ப்ரோத்துக்குப் போகவேண்டும். அதில் கடைப்பெட்டிகளும் சேர்த்தி. நெவ்யானாவுக்குப் புதிய இடத்தில் கூரை போட்ட கடையே தருவதாகப் பேச்சு. அதாவது, சும்மா இருந்தால் போதும், காமென் தானாகவே போய்விடுவார். நெவ்யானா சும்மா இருந்தாள். சோன்கா இருப்பாளா? படகுக்கு முந்தின நாள் வந்து பெட்டியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என் தம்பி அந்த ஊருக்குப் போகமாட்டான். செத்தாலும் கோர்னி ப்ரோத்ல கால வைக்கமாட்டேன்னு சொன்னவன்."

"அதான் செத்துட்டாருல்ல மதினி."

சொன்னவுடனே நெவ்யானா வாயை மூடிக்கொண்டாள். சோன்காவின் முகம் கோணிப்போயிற்று. தூக்க வந்த ஆட்கள் பெட்டியை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"அங்க யாருக்கு அவனத் தெரியும்?" என்றாள் சோன்கா. குரல் இறங்கியிருந்தது. "எவனாவது அவன் மேல ஒக்காந்து சூரியகாந்தி வெத கொறிப்பான். இங்க நீ மறந்துட்டு நல்லாருப்ப. நல்லாரு, வேணாங்கல. அப்புறம் நான் ஒருத்தி மட்டும் அவன மனசுல வச்சுக்கிட்டுத் தனியாத் திரியணும்."

நெவ்யானா கடையை விட்டு வெளியே வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"மறக்கணும்னு யாரு சொன்னா? நான் பாக்கணும்னு நெனைக்கிறப்ப அவர நான் பாக்கணும் மதினி. அவரு என்னையப் பாத்துக்கிட்டே இருக்கக் கூடாது. அம்புட்டுத்தான். இதத்தான் இத்தன மாசமா எனக்குச் சொல்லத் தெரியல."

படகுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ரதோஸ்தீனா தலையைத் தூக்கினாள்.

"அக்கா, இன்னொரு தடவ சொல்லுங்க."

நெவ்யானா சொன்னாள். ரதோஸ்தீனா பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுடைய பெட்டிகள் எதிலும் கீல் கிடையாது. ஏன் என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டபோது ஒரு பிரசங்கமே நடந்தது. இப்போது அதே பிரசங்கத்தை அவள் பெட்டியிடம் நடத்தினாள்.

"கீல் வச்சா அது கதவு. கதவுன்னு வந்தா முன்பக்கம் பின்பக்கம் வரும். அப்புறம் பூட்டு. பூட்டுன்னு வந்தா சாவி, சாவிக்கு ஒரு சொந்தக்காரன். சொந்தக்காரன் வந்துட்டா சதுக்கம் போச்சு. எல்லாம் போச்சு." நின்றாள். "மேல போயி ரம்பத்தையும் துளைப்பானையும் எடுத்துட்டு வா."

கடைசி வாக்கியம் எனக்கு. ஓடினேன்.

முகத்தில் படாமல், ஓரத்துப் பள்ளத்தையும் நாக்கையும் சேர்த்து அறுத்தாள். அறுக்கும்போது பலகை அதிராமல் சோன்கா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், பல் பிடுங்கும் பிள்ளையின் தலையைப் பிடிப்பதுபோல. பலகை கையோடு வந்தது. ரதோஸ்தீனா அதைத் திருப்பினாள், காமென் உள்பக்கம் பார்க்கும்படி. கீல் வைத்து முடுக்கினாள். பெட்டிக்குள் ஒரு தட்டு அடித்தாள். மூடினால் வெளியே வெறும் மரம். திறந்தால் கதவின் உட்புறத்தில், கண்ணாடி பார்க்க வசதியான உயரத்தில், காமென்.

"சாவி எங்கிட்ட ஒண்ணு" என்றாள் சோன்கா.

"சாவி கெடையாது" என்றாள் ரதோஸ்தீனா. "கொண்டி மட்டும்தான். யாரு வேணா தொறக்கலாம், யாரு வேணா மூடலாம். அம்புட்டாச்சும் எனக்கு மிச்சம் வைங்க."

சோன்கா திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பையிலிருந்த கோதுமைப் பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள். "கடவுள் மன்னிக்கட்டும்" என்று, இங்கே செத்தவர்களுக்காகச் சொல்லும் வார்த்தையைச் சொல்லி, அதில் ஒரு வாய் எடுத்து நெவ்யானாவின் வாயில் போட்டாள்.

அலமாரியாகிவிட்ட பெட்டி எதோடும் கவ்வாது. மறுநாள் படகில் அது ஏறவில்லை. கோர்னி ப்ரோத்காரர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு பெட்டி குறைகிறதே என்று கேட்டார்கள். "மழையில கரைஞ்சிருச்சு" என்றாள் ரதோஸ்தீனா. வரைபடத்திலிருந்து அதை அழிக்கச் சொன்னாள். நான் அழிக்கவில்லை. அளவுகளை மட்டும் எடுத்துவிட்டேன்.

9

இன்று மத்தியானம் இதை முற்றத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெட்டிகள் போன இடம் வெளிறிக் கிடக்கிறது. கூரை போட்ட கடை வரும்வரை நெவ்யானா ஒரு மேசை, காபி இயந்திரம், அந்த அலமாரி ஆகியவற்றோடு வியாபாரம் செய்கிறாள். சோன்கா தள்ளி ஒரு நாற்காலியில் விதை கொறித்துக்கொண்டு, எங்களைக் கவனிக்காததுபோல் முழுமூச்சாகக் கவனித்துக்கொண்டிருக்கிறாள். வெஸெலின் வருகிறான். தலையசைக்க முகத்தைத் தேடுகிறான். எங்கேயும் காணோம்.

"காபி" என்கிறான். "காயிதக் கப்புல."

"தீந்துருச்சு" என்கிறாள் நெவ்யானா. மேசைக்கு அடியில் ஒரு முழுக்கட்டு இருப்பது என் நாற்காலியிலிருந்து தெரிகிறது. "பீங்கான் கப்பு இருக்கு. அலமாரியில. எனக்குக் கை ஈரம், நீயே எடுத்துக்க."

அவன் போய்க் கொண்டியில் கையை வைத்துவிட்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். கை அங்கேயே நிற்கிறது. சோன்காவின் வாயில் விதை நிற்கிறது.

இங்கே நான் எழுதினால் அது ஐந்தாம் முடிவாகிவிடும். அவளுக்கு நான் தந்த முடிவுகளின் லட்சணத்தை நீங்கள் பார்த்தீர்கள். அவன் திறந்தால் காமென் சிரிப்பார், அவருக்கு வேறு முகம் கிடையாது. அதற்குப் பிறகு ஒரு ஆள் கோப்பையை எடுத்து, கதவை மூடியோ மூடாமலோ, திரும்பி வந்து உட்காருவானா என்பதை அறுக்க என்னிடம் ரம்பம் இல்லை. உங்களிடம் இருக்கலாம். கொண்டிக்குப் பூட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

சீக்கிரம். காபியை ஊற்றிவிட்டாள், ஆறிக்கொண்டிருக்கிறது. நெவ்யானா எதையும் இரண்டாவது தடவை கேட்கிறவள் அல்ல.